கிடாவுக்குப் போட்ட தழை

அந்தச் செடியை வாங்கியதும் வளர்த்ததும் வெட்டியதும் நான்தான். வெட்டியதைக் கிடாவுக்குப் போடலாம் என்று நினைத்ததும் நானே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிற எல்லோரும் "பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும்" என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வீடு சிதம்பரத்தில். வேலை கடலூரில், ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் வேலை. மனைவி கீரப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது பிடித்துக்கொண்ட செடிப் பைத்தியம் எனக்கு அதன் பிறகும் விடவில்லை. ஒரு நாள் அலுவலகம் முடிந்து ரயிலுக்கு நேரம் இருந்ததால் கடலூரில் ஒரு நர்சரிக்குள் நுழைந்தேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். அடி குண்டாகப் பருத்து, அதற்கு மேலே விரல் விரலாகக் கிளை விட்டு, நுனியில் கொத்தாக ரோஜா நிறப் பூ. இலையில் எண்ணெய் தடவினாற்போல ஒரு பளபளப்பு.

"அடீனியம் சார். டெசர்ட் ரோஸும்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி காட்டுனா போதும். மறந்துட்டாக்கூட சாவாது" என்றார் கடைக்காரர்.

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு துணி வாங்கினால் சாயம் போகுமா என்று கேட்கிறோம். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். வீட்டுக்குள் வைக்கப்போகிற செடியைப் பற்றி மட்டும் பூக்குமா என்பதற்கு மேல் ஒரு கேள்வியும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் அது எங்கள் ஹாலில் ஜன்னலோரம் இருந்தது. வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். கீழே விழுந்த பூவை மனைவி எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்க விடுவாள். அந்தக் கிண்ணத்தில் அணில் வந்து வாய் வைத்ததை ஒரு முறை போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டிருக்கிறேன். பிறகு செடி பெரிதாகி ஜன்னலை அடைக்க ஆரம்பித்ததால் மாடிக்கு ஏற்றினேன்.

பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது. சொந்த ஊர் லால்பேட்டை. கணவர் குவைத்தில் வேலை. மகளின் படிப்புக்காக அந்தத் தங்கச்சி சிதம்பரத்தில் வீடு எடுத்திருந்தார். என்னை அண்ணன் என்பார், என் மனைவியை அண்ணி என்பார். வாரம் ஒரு முறை லால்பேட்டையிலிருந்து அவருடைய தம்பி ஸ்கூட்டரில் வந்து சாமான் போட்டுவிட்டுப் போவார். அவர் என்னை மச்சான் என்பார். அக்காவுக்கு அண்ணனான நான் தம்பிக்கு எப்படி மச்சானாவேன் என்றெல்லாம் எங்கள் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தங்கச்சியின் மகள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். அந்தப் பக்கச் சந்தில் ஒரு கிடா கட்டியிருக்கும். பக்ரீத்துக்குக் குர்பானி கொடுப்பதற்காகக் குட்டியிலேயே வாங்கி வளர்த்தது. கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. "பேர் வெக்கக் கூடாது, பேர் வெச்சா அப்புறம் மனசு கேக்காது" என்று அம்மா சொல்லியிருந்ததால் அந்தப் பெண் அதை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். டேய் என்றால் அது திரும்பிப் பார்க்கும். குவைத்திலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தால் முதலில் கிடாவைத்தான் காட்டச் சொல்வார். போனைப் பார்த்துக் கத்துவதற்குக்கூட அது பழகியிருந்தது.

எங்கள் வீட்டுக் காய்கறித் தோல், வாழைப்பட்டை, முருங்கைக் கழிப்பு எல்லாம் மதிலுக்கு மேலே அந்தப் பக்கம் போய்விடும். கொடுத்துக் கொடுத்து, எங்கள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே அது முன்னங்காலை மதிலில் வைத்து எழுந்து நிற்கும்.

பக்ரீத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாடியில் அடீனியத்தின் கிளைகளைக் கழித்தேன். வெட்டிய இடத்தில் பால் மாதிரி வழிந்தது. கையில் பட்டதை லுங்கியில் துடைத்துக்கொண்டேன். கழித்த கிளைகளை மூலையில் குவித்துவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் ஞாயிறு காலை மார்க்கெட்டில் கிடாவுக்கென்றே ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி வந்தேன். மாடியில் ஒரு ராத்திரி வாடிக் கிடந்த கிளைகளைப் பார்த்ததும், வீணாகக் குப்பைக்குப் போவானேன் என்று தோன்றியது. இலைகளைப் பூவோடு உருவி அகத்தியோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினேன். ஆட்டுக்கு ஆகாதது என்றால் அதுவே மோந்து பார்த்து ஒதுக்கிவிடும் என்று ஒரு நினைப்பு.

மதிலோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். கட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"மாமா, இதுல பூவெல்லாம் இருக்குது."

"எடுத்துக்கோ. இலைய அவனுக்குக் குடு" என்றேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். அப்போது காலை எட்டு மணி இருக்கும்.

பதினோரு மணி வாக்கில் அந்தத் தங்கச்சியின் குரல் கேட்டது. கிடா எதையும் தொடவில்லை, வாயில் நுரை வருகிறது, நிற்க முடியாமல் தள்ளாடுகிறது என்றார். வயிறு உப்பியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். என் மனைவி ஓமமும் இஞ்சியும் தட்டிக் கரைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் உள்ளே போனது, மீதி வெளியே வந்தது. கழிச்சல் கண்டது. மதியத்துக்குள் கிடா படுத்துவிட்டது. லால்பேட்டைக்குப் போன் போய், தம்பி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மாட்டாஸ்பத்திரி பூட்டியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். வெளியில் இருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்றார். "என்னா தின்னுச்சு?" என்று கேட்டார்.

"அகத்திக்கீரை" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே அகத்தியோடு சேர்த்துக் கட்டிய மாடிச் செடியின் இலை நினைவுக்கு வந்தது. நான் மாடிக்குப் போனேன். பாதி மொட்டையாக நின்ற அந்தச் செடிக்கு முன்னால் நின்று போனில் அதன் பெயரைப் போட்டு, ஆடு என்றும் சேர்த்துத் தேடினேன்.

முதல் வரியே போதுமானதாக இருந்தது. அரளியின் இனம். இலை, பூ, பால், வேர் எல்லாவற்றிலும் விஷம். நேராக இதயத்தைப் பிடிக்கும். ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்கள் இதன் பாலைக் காய்ச்சி அம்பு முனையில் தடவுவார்களாம். ஆடு மாடு, நாய் பூனை, மனிதர்கள் யாருக்கும் ஆகாது. இரண்டு வருடம் என் ஹாலில், நான் சாப்பிடுகிற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் அது நின்றிருக்கிறது. அரளியைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதே சாதியை ரோஜா என்று பெயர் சொல்லி ஒருவர் கொடுத்தபோது நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல முறை நினைத்தேன். நான் உடனே கீழே இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தழைக்கட்டுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அகத்திக்கீரை ஒத்துக்கொள்ளவில்லை, வெயில், நோய், எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். ஆடு செத்தால் செத்தது, நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று என் மனம் கணக்குப் போட்டது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஐந்து நிமிடம் இருக்கலாம். அந்த ஐந்து நிமிடம் என்னைப் பற்றி நான் நினைத்துவைத்திருந்ததெல்லாம் பொய் என்று காட்டிவிட்டது.

கீழே தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, இனிமே இது தேறாது. உசுரு போறதுக்குள்ள பிஸ்மி சொல்லி அறுத்துடலாம். ஹலாலாவாவது ஆயிடும். கறி பாழாப் போவக் கூடாது. நாலு வீட்டுக்காவது குடுக்கலாம்."

எட்டிப் பார்த்தேன். அவர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். அந்தக் கறி அவர்கள் தட்டுக்குப் போகும், அந்தப் பெண்ணின் தட்டுக்குப் போகும், எங்கள் வீட்டுக்கும் ஒரு பாத்திரத்தில் வரும். எப்படிப் படியிறங்கினேன் என்று நினைவில்லை. மதிலைத் தாண்டிக் குதித்ததில் முழங்கால் சிராய்த்தது.

"மச்சான், அறுக்காதீங்க!"

"ஏன் மச்சான்?"

"நான் போட்ட தழையில விஷம் இருக்கு."

எனக்கு வந்த வார்த்தை அது. அதைச் சொன்ன கணமே, அது தப்பான வார்த்தை என்று தெரிந்துவிட்டது. சந்தின் முனையில் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பியின் கை அப்படியே நின்றது. "விஷமா? வெஷம் வெச்சீங்களா?" என்றார். பின்னாலிருந்து ஒருவர் இன்னொருவரிடம் "வெஷம் வெச்சுட்டாராம்யா" என்றது என் காதில் விழுந்தது. அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஒரு வார்த்தை நம் கையை விட்டுப் போனால் எப்படி ஓடும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். குர்பானிக்கு வளர்த்த கிடா, பக்கத்து வீட்டுக்காரன், விஷம். இந்த மூன்றையும் சேர்த்து யாராவது தெருமுனை வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"வெக்கல மச்சான்... என் மாடிச் செடி. கழிச்சுப் போட்டேன். அது அரளி இனமாம். எனக்கு இப்பதான்... போன்ல பாத்தேன்..." வார்த்தை கோர்வையாக வரவில்லை.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசியது அந்தத் தங்கச்சிதான். முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சந்துமுனைக்கு நடந்தார்.

"அவுரு ஒண்ணும் வெக்கல. தெரியாம போட்டுட்டாரு. தெனமும் அவுருதான் போடறாரு, இன்னைக்கும் போட்டாரு. இங்க என்னா வேடிக்க? எல்லாரும் போங்க."

யாரையும் அவர் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. கலைந்து போனார்கள். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிடாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரம்மா வந்தபோது மணி மூன்று இருக்கும். மாடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து காட்டினேன். பார்த்ததும் "இதுவா!" என்றார். கிடாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"விட்டு விட்டு அடிக்குது. தனியா போட்டிருந்தீங்கன்னா ஒரு கடி கடிச்சுட்டுத் துப்பியிருக்கும், அவ்வளவு கசப்பு. வாடுனதுல கசப்பு கொறைஞ்சிருக்கும். அகத்தியோட கலந்து வேற குடுத்திருக்கீங்க. கட்டி வெச்சு வளக்கற ஆடு, நம்ம கையால குடுக்கறதை நம்பித் திங்கும் சார்."

திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கரிப்பொடி கரைத்த மருந்தை வாயில் ஊற்றினார், ஊசி போட்டார். நேரமாகிவிட்டது, நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். கறியைப் பற்றித் தம்பி கேட்டதற்கு, யாரும் வாயில் வைக்கக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் என்றார். பிறகு பையை மூடிக்கொண்டே கேட்டார்:

"வீட்டுல கொழந்தைங்க யாராச்சும் இந்தச் செடியத் தொட்டாங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் பூவுல தேன் குடிச்சேன்" என்றாள்.

"இட்லிப்பூவுல உறிஞ்சுவோம்ல, அந்த மாரி. ஆனா தேனே இல்ல. கசந்துச்சு. துப்பிட்டேன்."

"எத்தனை பூவும்மா?" என்றார் டாக்டரம்மா.

மூன்று விரலைக் காட்டினாள்.

"யா அல்லா!" என்று அம்மா ஓடிப்போய் அவளை வாரி எடுத்துக்கொண்டார். பூவை எடுத்துக்கோ என்று சொன்னது நான். அந்த வார்த்தை என் தலைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் ஒரு நிமிடம் வைத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்க வேண்டும் என்றார். தம்பி ஸ்கூட்டரைக் கிளப்பினார். அம்மாவும் மகளும் பின்னால் ஏறினார்கள். என் மனைவி ஒடித்த கிளையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பின்னாலேயே போனாள். நானும் வண்டியை எடுக்கப் போனேன்.

தம்பி ஸ்கூட்டரில் இருந்தபடியே திரும்பி, "நீங்க வர வேணாம். இங்க இருங்க" என்றார். மச்சான் என்று சேர்க்கவில்லை.

அப்படித்தான் நான் மட்டும் கிடாவோடு மிஞ்சினேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு இன்னொரு வீட்டில் மாடு ஈனவில்லை என்று போன் வந்து அவரும் கிளம்பினார். நான் சந்தில் தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தில் கையை வைத்திருந்தேன். துடிப்பு இரண்டு அடிக்கும், நிற்கும். அடுத்தது வருமா என்று காத்திருப்பேன், வரும். அங்கே ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் நெஞ்சும் இப்படி அடித்துக்கொண்டிருக்குமோ என்று நினைத்துக் கையை எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். ஒரு தடவை அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எழுந்து நிற்கப் போகிறது என்று நினைத்தேன். காலை உதைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதன் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தும் அடுத்த துடிப்பு வரவில்லை.

மனைவி போனை எடுக்கவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யார் வேண்டாம் என்றாலும் சரி என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். அடீனியம் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். ஆனால் என் மனைவி அரளி இனம் என்றதும் சட்டென்று எழுந்துவிட்டாராம். "அரளின்னா எங்களுக்குத் தெரியும் மேடம்" என்றாராம். அந்த ஒரு சொல்லால் நேரம் மிச்சமானது. நான் போனபோது அந்தப் பெண்ணின் நெஞ்சில் வயர்கள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் இருந்த பெட்டியில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். அந்தக் கோடு தவறாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

துப்பிவிட்டதால் உள்ளே போனது ரொம்பக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், இருந்தாலும் நாளை வரை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்றார் டாக்டர். தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கிடா போய்விட்டது என்றேன். தலையை மட்டும் அசைத்தார். "மம்பட்டி இருக்கா?" என்றார். நாங்கள் இருவரும் திரும்பி வந்து, வீட்டுக்காரரிடம் கேட்டுப் பின்னால் காலி மனையில் குழி தோண்டினோம். மண்ணைத் தள்ளி மூடும் வரைக்கும் நான் மண்வெட்டியைக் கேட்டால் கொடுத்தார், திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மனைவி இட்லி கட்டிக் கொடுத்தாள், எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா பாத்திரம் கழுவப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது.

"மாமா, டேய் செத்துட்டானாம்."

"ஆமாம்மா."

"நான்தான மாமா ஊட்டுனேன். அவன் மொதல்ல வேணாம்னான். நான்தான் வாய்ல திணிச்சேன்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. என்னைக் குற்றம் சொல்வாள் என்று நினைத்து, அதற்குப் பதிலெல்லாம் வழியில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு ராத்திரி முழுக்க அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், தன் கிடாவைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிடந்திருக்கிறாள்.

"இல்லம்மா. உன் கையில குடுத்தது யாரு?"

"நீங்க."

"குடுன்னு சொன்னது?"

"நீங்க."

"அப்ப யாரு பண்ணது?"

நானே சொன்னேன். "நான்தான். எனக்கு அது என்னா செடின்னு தெரியல. தெரிஞ்சுக்காம குடுத்தேன். பெரியவங்க குடுத்ததை நீ குடுத்த, அவ்வளவுதான். உம் மேல ஒரு தப்பும் இல்ல. கேட்டியா?"

கேட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. இட்லியை மட்டும் பிரித்துச் சாப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் அம்மா வாசலில் கழுவின டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். குவைத்திலிருந்து அப்பா என் போனுக்கே அழைத்தார். அழைப்பைப் பார்த்ததும் எடுக்கப் பயமாக இருந்தது.

"அண்ணே, புள்ளைக்கு ஒண்ணுமில்லல்ல?"

"இல்லங்க. ஈசிஜி எல்லாம் சரியா இருக்குது. வீட்டுக்கு வந்துட்டா."

"அல்ஹம்துலில்லாஹ்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு கிடா வாங்கித் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் பேசாதீங்கண்ணே" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் மாடிச் செடியை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தேன். குப்பைத் தொட்டியில் போட்டால் தெருமாடு மேயும். எரித்தால் புகையும் ஆகாது என்று போனில் போட்டிருந்தது. கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்கி, அதையும் ஆழமாகத்தான் புதைத்தேன். பிறகு வீட்டிலிருந்த ஒவ்வொரு தொட்டியின் பெயரையும் தேடிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாய்ப் பெரிய இலை விட்டிருந்த டைபன்பேக்கியாவைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே வராதாம். ஃபிரிட்ஜ் மேல் படரவிட்டிருந்த மணிபிளான்ட்டைக் கடித்தால் வாய் எரியும், பூனை நாய்க்கும் வாந்தி வருமாம். பக்கத்துக்குப் பக்கம் படிக்கப் படிக்க, எங்கள் வீட்டிலேயே நான் புதிதாகக் குடி வந்தவன் மாதிரி விழித்துக்கொண்டு நின்றேன். "உக்காந்து சாப்புடற எடத்துல எதையாவது விட்டு வெப்பீங்களா, மாட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். கமுகு மாதிரி இருக்கிற அரிகா பாமும் ஸ்பைடர் பிளான்ட்டும் யாருக்கும் தீங்கில்லை என்று தெரிந்ததும் அவற்றை மட்டும் ஹாலில் வைத்தேன்.

அடீனியத்தின் கன்று ஒன்றைப் பண்ருட்டியிலிருந்து வருகிற சக ஊழியர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். அவர் வீட்டில் நாய் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எங்க நாயி பிரியாணியத் தவிர வேற எதையும் திங்காது சார்" என்றார். ஆபீஸ் முடிந்து அவரோடு பண்ருட்டி பஸ்ஸில் போய், அவர் சிரிக்கச் சிரிக்க, அந்தக் கன்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தேன்.

கடலூர் நர்சரிக்கும் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும் சார். விக்கிற செடில பாதி அப்படித்தான். பாக்கறதுக்குத்தான விக்கிறோம், தின்னவா விக்கிறோம்?"

தெரியும் என்று அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. தெரியாது என்று சொல்லியிருந்தால் என்னைப் போல் இன்னொருவர் என்று திரும்பியிருப்பேன். குழந்தையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறியது. இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அதே நேரம் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு தம்பதி அடீனியம் வரிசைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். குழந்தை பூவுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் போய் அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மா குழந்தையை வெடுக்கென்று இந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். கையில் எடுத்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"சார், இனிமே நம்ம கடைக்கு வராதீங்க" என்றார் கடைக்காரர்.

பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டார் லால்பேட்டைக்குப் போய்விட்டார்கள். அங்கே சொந்தக்காரர்களோடு பங்கு சேர்ந்து குர்பானி கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது. அதுவரை அந்தத் தங்கச்சி என் மனைவியிடம் பேசுவார், என்னிடம் தலையை மட்டும் அசைப்பார். ஊரிலிருந்து திரும்பிய இரண்டாம் நாள், துணி காயப்போட்டுக்கொண்டே அவராக மதில் பக்கம் வந்தார்.

"அண்ணே, ஊருல எல்லார்கிட்டயும் சொன்னேன். தெரிஞ்ச ஒடனே ஓடியாந்து சொன்னாரே, அந்த மனசு யாருக்கு வரும்னு சொன்னேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா நாங்க அறுத்துத் தின்னிருப்போம். புள்ள பூவ வாய்ல வெச்சதும் தெரியாமப் போயிருக்கும்."

தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை என்னால் விழுங்க முடியவில்லை.

"ஒடனே சொல்லலம்மா" என்றேன். "தெரிஞ்சப்புறமும் மாடியில உக்காந்திருந்தேன். சொல்ல வேணாம்னுதான் உக்காந்திருந்தேன். உங்க தம்பி கத்தியெடுக்கலன்னா சொல்லியிருப்பனான்னு எனக்கே தெரியாது."

அவர் கையில் ஈரத்துணி இருந்தது. அதைப் பிழியவும் இல்லை, விரிக்கவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அப்போதுதான் என்னை முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். துணியை விரித்துக் கிளிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்து நாளைக்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், மகளுக்குப் பள்ளிக்கூட வேன் வரவில்லை, நீங்கள் ரயிலடிக்குப் போகிற வழியில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண் புத்தகப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாக ஓட்டினேன்.